கேடட் விமானி வேலை: சம்பளத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது பாண்டை

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. லங்காவியில் படித்து வர்த்தக விமானி உரிமமும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி) வாங்கிவிட்டாள். பறந்தது 210 மணி. ஓராண்டாக வேலை இல்லை. இப்போது கோலாலம்பூரில் ஒரு விமான நிறுவனம் கேடட் (பயிற்சி விமானி) திட்டத்தில் சேர்க்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 4,000 வெள்ளி (ரிங்கிட்). டைப் ரேட்டிங்கோடு (ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) வருபவருக்கு 7,000. ஐந்தாண்டு பாண்ட்: அதற்குள் விலகினால் கட்ட வேண்டிய தொகை 180,000 வெள்ளி. என்னிடமும் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார்கள். சேரலாமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: சேரலாம் ஐயா. ஆனால் பாண்டின் வாசகங்களைத் திருத்திக் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

மாதம் 3,000 வித்தியாசம் என்றால் இரண்டு ஆண்டில் 72,000 வெள்ளி. சிறிய தொகை அல்ல. ஆனால் அந்த 7,000 வெள்ளி வேலை இன்று உங்கள் மகளுக்குத் திறந்திருக்கவில்லை. வீட்டில் காத்திருப்பதற்கும் செலவு உண்டு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் அவர் வயதில் 12 மாதம்தான் செல்லும். இதற்கிடையே கல்விக் கடன் தவணையும் ஓடும். பறக்காத ஒவ்வொரு மாதமும் கைப்பழக்கம் குறைகிறது. அடுத்த தேர்வின் சிமுலேட்டரில் (பயிற்சிக்கான மாதிரி விமான அறையில்) அது உடனே தெரிந்துவிடும்.

இந்த வேலையில் அவருக்கு உண்மையில் கிடைக்கப்போவது பறக்கும் மணிகள். கேப்டனாவதற்கு வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்கு 1,500 மணி தேவை. ஆண்டுக்கு 600, 700 மணி கிடைத்தால் லைனில் (பயணிகள் சேவையில்) விட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டில் எட்டிவிடலாம். 300 மணிதான் கிடைக்கும் என்றால் நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆகவே சம்பளத்தைக் கேட்பதற்கு முன், கடந்த ஆண்டு சேர்ந்த கேடட்கள் மாதம் எத்தனை மணி பறக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நிறுவனத்திடம் மட்டுமல்ல, அங்கே பறந்துகொண்டிருக்கும் இளம் விமானிகளிடமும்.

இன்னொரு நுணுக்கம். அந்த 1,500இல் ஒரு பகுதி கேப்டன் பொறுப்பில் பறந்ததாகவோ, கேப்டனின் மேற்பார்வையில் அந்தப் பொறுப்பைச் செய்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது வகைக்கு லாக்புக்கில் கேப்டனின் கையெழுத்து வேண்டும். விமானம் இறங்கிய அன்றே வாங்கிவிட வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் அந்தக் கேப்டன் வேறு நாட்டில் இருப்பார்.

இப்போது பாண்ட். முதலில், ஐந்து ஆண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? கையெழுத்திட்ட நாளிலிருந்து என்றால் நல்லது. லைன் செக் (பயணிகள் சேவையில் வைக்கும் இறுதித் தேர்வு) முடிந்த நாளிலிருந்து என்றால் ஆபத்து. விமானமோ பயிற்சியாளரோ இல்லாமல் பயிற்சி ஓராண்டு தள்ளினால், ஐந்து ஆண்டு ஆறாகிவிடும். அந்த ஓராண்டும் குறைந்த சம்பளம்தான்.

அடுத்து, தொகை மாதாமாதம் குறைகிறதா? 180,000ஐ 60 மாதத்தால் வகுத்தால் மாதம் 3,000. அப்படிக் குறைந்தால் 24 மாதத்தில் விலகுபவர் 108,000 கட்ட வேண்டும். குறையாத பாண்டில் 59ஆம் மாதம் விலகினாலும் முழு 180,000. இந்த ஒரு வரியை மாற்ற மறுத்தால் நாங்கள் சேர வேண்டாம் என்றே சொல்வோம்.

நிறுவனமே ஆட்குறைப்பு செய்தாலோ மூடினாலோ பாண்ட் ரத்தாகும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மைஏர்லைன் விமான நிறுவனம் 2023 அக்டோபர் 12இல் திடீரென்று சேவையை நிறுத்தியதை எல்லோரும் பார்த்தோம். மருத்துவச் சான்று இழந்தால் என்ன, சிமுலேட்டர் தேர்வில் தவறினால் எத்தனை வாய்ப்பு, அதன் பின் எவ்வளவு கட்ட வேண்டும் என்பவற்றையும் அப்படியே கேளுங்கள்.

‘வேறு நிறுவனத்தில் சேரக்கூடாது’ என்ற தடை 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பணம் கேட்பது வேறு விஷயம்: 75ஆம் பிரிவின்படி, குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டை நீதிமன்றம் வழங்க முடியும்.

டைப் ரேட்டிங் என்றால் எதுவரை என்றும் பாருங்கள். சிமுலேட்டரோடு நின்றால் பாதிதான். உண்மையான விமானத்தில் ஏறி இறங்கும் பேஸ் ட்ரெயினிங் முடிந்தால்தான் உரிமத்தில் ஏறும். அதன்பின் 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்காவிட்டால் மீண்டும் சிமுலேட்டர். தாமதம் நிறுவனத்தால் என்றால் அந்தச் செலவும் நிறுவனத்துடையது என்று எழுதி வாங்குங்கள். பயணிகளை ஏற்றிப் பறப்பதற்கே விமானியிடம் பணம் கேட்டால், அந்தத் திட்டத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

சம்பளத்தில் ஒன்று மட்டும்: 4,000 என்பது அடிப்படையா, பறப்பதற்கான அலவன்ஸும் சேர்ந்ததா, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எந்தத் தொகைக்குப் பிடிக்கிறார்கள், 25ஆம் மாதம் 7,000 ஆவது உறுதியா, ‘பரிசீலிக்கப்படும்’ மட்டும்தானா?

உங்கள் ஜாமீன் கையெழுத்துக்கு வருவோம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மகளால் முடியாதபோது உங்கள் சேமிப்பையும் வீட்டையும் நோக்கி வருவார்கள். உங்கள் பொறுப்புக்கு ஓர் உச்சத்தொகை குறிக்கச் சொல்லுங்கள். பாண்ட் குறையும்போது அதுவும் குறைய வேண்டும். தாளை ஒரு வாரம் கேட்டு வாங்கி, பினாங்கிலேயே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பிறகு கோலாலம்பூருக்குப் புறப்படுங்கள்.