உறையில் அச்சான செலவுக் கணக்கு

கேள்வி: 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவினர் தங்கள் முதல் சிங்கிள் இசைத்தட்டான ‘ஸ்காங்க் பிளாக் பொலோன்யா’வின் உறையில் தயாரிப்புச் செலவை அச்சிட்டார்கள் என்று படித்தேன். அது விளம்பர உத்தியா? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. படிப்பவரும் சொந்தமாக இசைத்தட்டு வெளியிட வேண்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு அச்சிடப்பட்டது. லீட்ஸ் பாலிடெக்னிக்கில் கலை பயின்ற கிரீன் கார்ட்சைடும் டாம் மார்லியும், பேஸ் கிதார் வாசித்த நயல் ஜிங்க்ஸும் லண்டனின் கேம்டன் பகுதியில், ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில் குடியேறி வாழ்ந்துவந்தார்கள். பெரிய நிறுவனங்களின் தயவை நாடாமல், செயின்ட் பேங்க்ராஸ் என்ற பெயரில் அவர்களே அந்தத் தட்டை வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு முன் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற குழு, இது எளிது, மலிவு, நீங்களும் செய்யுங்கள் என்று பாட்டிலேயே அறைகூவியிருந்தது. இவர்கள் அதற்கு எண்களையும் முகவரிகளையும் சேர்த்தார்கள்.

உறையில் இருந்த கணக்கு இதுதான்: கேம்பிரிட்ஜின் ஸ்பேஸ்வார்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் 14 மணி நேரத்துக்கு, மூல நாடாவும் சேர்த்து, 98 பவுண்டு. அதிலிருந்து அரக்குத் தகட்டில் ஒலியை வெட்டி எடுக்க 40 பவுண்டு. ‘பை’ (Pye) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஆலையில் 2,500 பிரதிகள் அழுத்த 369 பவுண்டு 36 பென்ஸ், அதற்கு முந்தைய ஆயத்த வேலைக்கு 27 பவுண்டு. வெள்ளை லேபிளில் பெயரைக் குத்துவதற்கான ரப்பர் ஸ்டாம்புக்கு 8 பவுண்டு. கூட்டிப் பார்த்தால் 542 பவுண்டு 36 பென்ஸ், அதாவது ஒரு பிரதிக்கு 22 பென்ஸுக்கும் குறைவு. இந்த எட்டுப் பவுண்டு ரப்பர் ஸ்டாம்ப்தான் என்னை மிகவும் கவர்கிறது: லேபிளை அச்சகத்தில் கொடுக்கக் காசில்லை என்றால் கையால் குத்திக்கொள்ளலாம் என்பதையும், அந்த ஸ்டாம்ப் இங்கிலாந்தின் ஹிச்சின் ஊரில் எந்தத் தெருவில், எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் உறையே சொல்லிவிடுகிறது. தொழில் ரகசியமாகக் காக்கப்பட்டு வந்த விவரத்தை இப்படிப் பொதுவில் வைத்ததை, அந்தப் பாட்டுக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் கருதுகிறேன்.

கேள்வி: பாட்டுக்கும் இத்தாலியின் பொலோன்யா நகரத்துக்கும் என்ன தொடர்பு? – ஒரு வாசகி, மதுரை

பதில்: 1977 மார்ச்சில், கம்யூனிஸ்டுக் கட்சி ஆண்டுவந்த பொலோன்யாவில், போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மாணவர் இறந்தார், அதைத் தொடர்ந்து வெடித்த கிளர்ச்சியை அடக்கப் பல்கலைக்கழகப் பகுதிக்குள் கவச வாகனங்கள் நுழைந்தன. இடதுசாரிகள் ஆளும் ஊரிலேயே இளைஞர்கள் இடதுபுறத்திலிருந்து எதிர்த்து எழுந்த அந்த நிகழ்வு, இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்சியைப் படித்து, அவருடைய நூல் தலைப்பொன்றைத் திரித்தே தங்கள் குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்ட இவர்களை ஆழமாகப் பாதித்ததில் வியப்பில்லை. தலைப்பின் ‘ஸ்காங்க்’ ஜமைக்காவின் ரெகே இசையின் தாளத்தைக் குறிக்கும். பேஸ் கிதார் அந்த வழியில் நிதானமாக நடக்க, கிரீனின் கிதார் எதிர்பாராத இடங்களில் திரும்பி, முடிவுக்கு வராமலே நகர்ந்துகொண்டிருக்கும். ஏறத்தாழ ஆறு நிமிடம் ஓடும் இப்பாட்டை முதன்முறை கேட்பவர்கள் கிதாரை விட்டுவிட்டுப் பேஸைப் பின்தொடர்ந்தால் எளிதில் பிடிபடும். 1984இல் ‘உட் பீஸ்’ போன்ற மெருகேறிய பாப் பாடல்களால் கிரீனை அறிந்தவர்களும் அந்த மென்மையான உச்சக் குரலை இங்கேயே அடையாளம் காணலாம்.