மூன்று இயக்கச் சமன்பாடுகளில் எதை எப்போது போடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் பதினொன்றாம் வகுப்பு, கூடவே நீட்டுக்கும் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கேட்டதற்குப் பதில் சுருக்கமானதுதான். முதலாவது v = u + at, இரண்டாவது s = ut + ½at², மூன்றாவது v² = u² + 2as. இதில் u தொடக்கத் திசைவேகம், v இறுதித் திசைவேகம், a முடுக்கம், t காலம், s இடப்பெயர்ச்சி. காலத்தைக் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்றால் மூன்றாவது சமன்பாடு. இறுதித் திசைவேகம் பற்றிப் பேச்சே இல்லையென்றால் இரண்டாவது. இடப்பெயர்ச்சி வராவிட்டால் முதலாவது. முடுக்கம் மாறாமல் இருந்தால் மட்டுமே இதெல்லாம் செல்லும்.

ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் வீட்டில் டியூஷன் எடுப்பவன். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

பள்ளித் தேர்வில் வந்த கணக்கு இது: 40 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல்லை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால் எப்போது தரையில் விழும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க. அவள் எழுதினாள்: வேகம் வினாடிக்கு 10 குறைகிறது, எனவே 1 வினாடியில் கல் நிற்கும். சராசரி வேகம் 5, ஆகவே 5 மீட்டர் ஏறியிருக்கும். இனி 45 மீட்டர் இறங்க வேண்டும். முதல் வினாடியில் 5, அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 25, கூட்டினால் 45. மொத்தம் 4 வினாடி.

ஒரு பிழை கிடையாது. திருத்தியவர் சிவப்பு மையில் 'சூத்திரம் எங்கே?' என்று எழுதி, மூன்றுக்கு ஒரு மதிப்பெண் போட்டிருந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த 5, 15, 25 இருக்கிறதே, அது கலிலியோ சொன்ன 1, 3, 5 விகிதம். 1638இல் வெளியான நூலில் அவர் இதை வடிவியலை வைத்தே நிறுவினார். நாம் மனப்பாடம் செய்யும் சமன்பாடுகள் அதில் இந்த வடிவில் கிடையாது.

சூத்திரமே வேண்டாம் என்கிறாரா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 180 நிமிடத்தில் 180 கேள்வி போடுகிறவருக்குச் சூத்திரம் விரல் நுனியில் இருக்கத்தான் வேண்டும். அதே கணக்கை அவளை இரண்டாவது சமன்பாட்டிலும் போடச் சொன்னேன். மேல்நோக்கிய திசை கூட்டல், அதனால் இடப்பெயர்ச்சி கழித்தல் 40. இருபடிச் சமன்பாட்டில் 4, கழித்தல் 2 என்று இரண்டு விடை வரும். கழித்தல் 2ஐ அடித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அவள் விடவில்லை. 2 வினாடி முன்னதாகத் தரையிலிருந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தால், அந்தக் கல் இதே மாடியை இதே 10 மீட்டர் வேகத்தில் கடந்திருக்கும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள்!

இப்படி யோசிக்கிற பிள்ளைகளுக்கு ஆய்வக வேளைகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. தனி ஊசலைத் தொங்கவிட்டு நேரம் பார்க்க வேண்டிய வகுப்பில் சிறப்புத் தேர்வு வைக்கிறார்கள். அளவீடுகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு ரெக்கார்டு நோட்டில் பார்த்தெழுதச் சொல்கிறார்கள். பெற்றோரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரேக் கணக்கில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து, அதாவது வினாடிக்கு 20 மீட்டர், எதிர்முடுக்கம் 5, அதாவது வேகம் வினாடிக்கு 5 குறைகிறது. 6 வினாடியில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், இரண்டாவது சமன்பாட்டில் அப்படியே போட்டவர்களுக்கு 30 மீட்டர் வரும். பேருந்து பின்னால் உருண்டு வந்ததாக அர்த்தம். அது 4 வினாடியிலேயே நின்றுவிட்டது, விடை 40 மீட்டர். எப்போது நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் சமன்பாட்டைத் தேடுங்கள்.