உருவிவிடலாமா, உடனே இறங்கலாமா? கால்பந்துக் காயங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: வறண்ட கண்மாய்க்குள் பந்தாடிய என் மகனுக்குக் கணுக்கால் பிசகி வீங்கியிருக்கிறது. எண்ணெய் போட்டு உருவிச் சுளுக்கு எடுக்கச் சொல்கிறார் என் மாமியார். செய்யலாமா? (வாசகி, தேவகோட்டை)

பதில்: முதல் மூன்று நாள்களுக்கு வேண்டாம். பிசகிய இடத்தில் தசைநார் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடான எண்ணெயிட்டு அழுத்தி உருவினால், வீக்கம் கூடுமே தவிர வடியாது. துணியில் சுற்றிய ஐஸ்கட்டியைப் பதினைந்து நிமிடம் வைத்தெடுத்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நான்கு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை விரலால் அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். வீக்கம் வடிந்ததும் பையன் பந்தைத் தேடுவான். அப்போது அடிபட்ட காலில் மட்டும் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். மற்றக் காலைப் போல நிற்க முடியாமல் தள்ளாடினால், அந்தக் கால் இன்னும் தயாராகவில்லை.

கேள்வி: எங்கள் கோல்கீப்பர் எதிரணி வீரரின் முழங்காலில் தலை மோதிச் சற்றுநேரம் திகைத்து நின்றார், தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிட்டார். மறுநாள் இறுதிப்போட்டியில் இறக்கலாமா? (அணிப் பொறுப்பாளர், காரைக்குடி)

பதில்: கூடாது. மோதிய அன்றே அவரை வெளியே அழைத்திருக்க வேண்டும். மூளையதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. திகைப்பும், கேட்டதையே திரும்பக் கேட்பதும் போதுமான அறிகுறிகள். ஓரிரு நாள் ஓய்வுக்குப்பின் மெல்லோட்டம், பந்துப் பயிற்சி, மருத்துவர் ஒப்புதலுக்குப்பின் மோதலுள்ள ஆட்டம் எனப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பதால், மறுநாள் ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லாத கோல்கீப்பரை நான் இதுவரை பார்த்ததில்லை. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, தூக்கக்கலக்கம் மிகுந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: மே மாதத்தில் மாலை 3 மணி ஆட்டம் சரியா? (பள்ளத்தூர்)

பதில்: சரியில்லை, 5 மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்ட மோரும் நீராகாரமும் இடைவேளைக்கு நல்லவைதாம், ஆனால் அவை வெயிலை முறித்துவிடாது. வீரர் உளறினாலோ தள்ளாடினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

கேள்வி: யாரும் மோதாமலே ஒருவர் சரிந்து விழுந்தால்? (கானாடுகாத்தான்)

பதில்: இதயம் நின்றிருக்கலாம் என்றே முதலில் கருதுங்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் அப்படித்தான் விழுந்தார். களத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார். மூச்சில்லையெனில் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். அணிக்கு இருவராவது இதைப் பழகியிருக்க வேண்டும். முகத்தில் சோடா தெளிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள்.