ஸ்டிக்கின் பாஸ் பக்கத்தை பாஸ் கிட்டார் போல மாற்றலாமா?

கேள்வி: பல வருடங்களாக 5 தந்தி பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் 10 தந்தி சாப்மன் ஸ்டிக் ஒன்று வாங்கினேன். கிளாசிக் ட்யூனிங்கில் இருக்கிறது. வலது கை பரவாயில்லை, கிட்டார் மாதிரியே போகிறது. இடது கைதான் தடுமாறுகிறது. பாஸ் தந்திகள் ஐந்தாம் இடைவெளியில் இருப்பதால் விரல் ஒவ்வொரு முறையும் தப்பான இடத்துக்குப் போகிறது. அந்த 5 தந்திகளையும் என் பாஸ் கிட்டாரைப் போல பி, இ, ஏ, டி, ஜி என்று மாற்றினால் பிரச்சினை தீருமா? என்ன தந்தி வாங்க வேண்டும்? கழுத்துக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: மாற்றலாம். செலவும் அதிகம் இல்லை, கழுத்துக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது. உங்கள் கையைக் குழப்புவது ஐந்தாம் இடைவெளி மட்டும் இல்லை. தந்திகள் அடுக்கப்பட்டிருக்கும் திசையும் சேர்ந்துதான் குழப்புகிறது. நீங்கள் சொல்லும் மாற்றத்தால் இடைவெளிதான் மாறும், திசை அப்படியே இருக்கும்.

ஸ்டிக்கைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது மீட்டும் கருவி இல்லை. இரண்டு கைகளும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்து, விரல்கள் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இணையாக நின்று, தந்தியை ஃப்ரெட்டின் மேல் தட்டினாலே ஒலி வரும். இந்த முறையை எம்மெட் சாப்மன் 1969 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் கண்டுபிடித்தார். கருவி 1974-ல் விற்பனைக்கு வந்தது. கிங் கிரிம்சன் ராக் குழுவிலும் பாடகர் பீட்டர் கேப்ரியலுடனும் டோனி லெவின் வாசித்ததைக் கேட்டுத்தான் நம்மில் பலர் இந்தப் பக்கம் திரும்பினோம்.

இப்போது உங்கள் கருவிக்கு வருவோம். கிளாசிக் ட்யூனிங்கில், வலது கை வாசிக்கும் மெலடி பக்கத்தின் 1 முதல் 5 வரையான தந்திகள் டி, ஏ, இ, பி, எஃப் ஷார்ப். முதல் தந்திதான் உச்சம், 5-வதுதான் அந்தப் பக்கத்தில் தடிமன். பாஸ் பக்கத்தின் 6 முதல் 10 வரை சி, ஜி, டி, ஏ, இ. இதில் 6-வது சி-தான் கருவியிலேயே மிகக் கீழான சுரம். 4 தந்தி பாஸ் கிட்டாரின் கீழ் இ-க்கும் இரண்டு முழுச் சுரம் கீழே (முழுச் சுரம் என்றால் இரண்டு ஃப்ரெட், அரைச் சுரம் என்றால் ஒன்று). அங்கிருந்து 10 வரை ஒவ்வொரு தந்தியும் முந்தையதைவிட ஒரு ஐந்தாம் இடைவெளி மேலே போகிறது. நம் கணக்கில் ச-விலிருந்து ப. மெலடி பக்கம் 5-லிருந்து 1-க்கு வரும்போது ஒவ்வொன்றும் நான்காம் இடைவெளி, அதாவது ச-விலிருந்து ம.

தடித்த தந்திகள் இரண்டும் பலகையின் நடுவில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கியும் சுரம் உயர்கிறது. கருவியைக் கிட்டார் போலக் கிடத்திப் பிடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மெலடி பக்கத்தில் உச்சத் தந்தி தரையைப் பார்த்து இருக்கும். கிட்டாரிலும் அப்படித்தான், அதனால்தான் உங்கள் வலது கைக்கு உறுத்தவில்லை. பாஸ் பக்கத்தில் உச்சத் தந்தி முகத்தைப் பார்த்து இருக்கும். பாஸ் கிட்டாருக்கு நேர் எதிர். இந்த 5 தந்திகளில் நீங்கள் பி, இ, ஏ, டி, ஜி என்று போட்டாலும் பி நடுவில் நிற்கும், ஜி முகத்துப் பக்கம் நிற்கும். உங்கள் கைக்குப் பழகிய வடிவங்கள் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல் தலைகீழாகிவிடும். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒன்றுகூட அப்படியே உதவாது.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், இப்போது இருக்கும் ட்யூனிங்தான் உங்கள் பழக்கத்துக்கு அதைவிட நெருக்கம். பாஸ் பக்கத்தை முகத்திலிருந்து தரை நோக்கிப் படியுங்கள்: இ, ஏ, டி, ஜி, சி. பாஸ் கிட்டாரில் முகத்திலிருந்து தரை நோக்கி என்ன? இ, ஏ, டி, ஜி. 6 தந்தி பாஸ் வாசிப்பவர்களுக்கு அதற்கு அடுத்தது சி. அதே பெயர்கள், அதே வரிசை, அதே இடம். எந்த ஃப்ரெட்டில் எந்தச் சுரம் என்று நீங்கள் மனப்பாடம் செய்த வரைபடம் ஒரு ஃப்ரெட்கூட மாறாமல் இங்கே இருக்கிறது. மாறியிருப்பது ஸ்தாயி மட்டும். பாஸ் கிட்டாரில் முகத்துப் பக்கம் போனால் சுரம் இறங்கும், இங்கே ஏறும்.

சோதித்துப் பாருங்கள். பாஸ் கிட்டாரில் டி தந்தியின் 5-வது ஃப்ரெட் ஜி. அங்கிருந்து முகத்துப் பக்கம் இரண்டு தந்தி தள்ளி, இரண்டு ஃப்ரெட் பின்னால் வந்தால் இ தந்தியின் 3-வது ஃப்ரெட். அதுவும் ஜி, ஒரு ஸ்தாயி கீழே. ஸ்டிக்கில் 8-வது தந்தியின் 5-வது ஃப்ரெட்டைத் தட்டுங்கள், ஜி. அதே நகர்வைச் செய்தால் 10-வது தந்தியின் 3-வது ஃப்ரெட். ஜி-தான், ஆனால் ஒரு ஸ்தாயி மேலே.

அப்படியானால் கை ஏன் தப்பான இடத்துக்குப் போகிறது? என் கணிப்பு, நீங்கள் சுரத்தின் பெயரை நினைத்துப் போவதில்லை, வடிவத்தை நினைத்துப் போகிறீர்கள். அனுபவமுள்ள பாஸ் கலைஞர்கள் எல்லோரும் அப்படித்தான். 'ரூட்டிலிருந்து (அடிப்படைச் சுரத்திலிருந்து) ஐந்தாம் சுரம் அடுத்த தந்தியில் இரண்டு ஃப்ரெட் முன்னால்' என்று விரலுக்குத் தெரியும். ஸ்டிக்கில் அது அடுத்த தந்தியில் அதே ஃப்ரெட். போதாததற்கு ஸ்டிக்கில் ஃப்ரெட்டை அடையாளம் காட்டும் புள்ளிகள் 2, 7, 12, 17, 22 என்று 5 ஃப்ரெட்டுக்கு ஒருமுறை வருகின்றன. 3, 5, 7, 9 என்று பழகிய கண்ணுக்கு அதுவே பாதி குழப்பம். முதலில் புள்ளிகளைச் சரிபாருங்கள். சிலருக்கு அதிலேயே சிக்கல் அவிழ்ந்துவிடும்.

ஐந்தாம் இடைவெளியில் ஒரு லாபமும் உண்டு, அதை இழக்க எனக்கு மனம் வராது. 6-வது தந்தியில் ரூட், 7-ல் அதே ஃப்ரெட்டில் ஐந்தாம் சுரம், 8-ல் இரண்டு ஃப்ரெட் முன்னால் பத்தாவது சுரம், அதாவது ஒரு ஸ்தாயி தள்ளிய அந்தர காந்தாரம். பக்கத்துப் பக்கத்துத் தந்திகளில் மூன்று விரல்களில் ஒரு முழு மேஜர் கார்ட். மைனர் வேண்டுமானால் கடைசி விரலை ஒரு ஃப்ரெட் பின்னால் இழுத்தால் போதும். சுரங்கள் விலகி நிற்பதால் பாஸ் ஸ்தாயியிலும் குழம்பாமல் கேட்கும். நான்காம் இடைவெளியிலும் இதே கார்டைப் பிடிக்கலாம், ஒரு தந்தியைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் எல்லை சுருங்கிவிடும். நீங்கள் கேட்கும் பி, இ, ஏ, டி, ஜி-யில் கீழே அரைச் சுரம் கூடுகிறது, மேலே 9 அரைச் சுரம் போய்விடுகிறது. இடது கை ஒரே நேரத்தில் பாஸும் கார்டும் வாசிப்பது அந்த மேல்பகுதியை நம்பித்தான்.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு லாபம். ஐந்தாம் இடைவெளியில் ச ரி க ம ஒரு தந்தியில், ப த நி ச அடுத்த தந்தியில். சங்கராபரணத்துக்கு இரண்டு தந்தியிலும் ஒரே விரலமைப்பு: 0, 2, 4, 5. மாயாமாளவகௌளைக்கு 0, 1, 4, 5. தோடிக்கு 0, 1, 3, 5. கரகரப்பிரியாவும் இதே கதைதான். பூர்வாங்கம் பழகினால் உத்தராங்கம் இலவசம். கல்யாணியில் அப்படி இல்லை, பிரதி மத்திமத்தால் முதல் தந்தி 0, 2, 4, 6 ஆகிவிடும்.

சரி, ட்யூனிங்கில் கை வைத்தே ஆகவேண்டும் என்றால், பாஸ் பக்கத்தை விட்டுவிட்டு மெலடி பக்கத்தில் வையுங்கள். 5 மெலடி தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் 1-லிருந்து சி, ஜி, டி, ஏ, இ. பாஸ் பக்கமும் 6-லிருந்து சி, ஜி, டி, ஏ, இ. இரண்டு கைக்கும் ஒரே வரைபடம், அதுவும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாஸ் கிட்டார் வரைபடம். ஸ்டிக் வட்டாரத்தில் இதற்கு மேட்ச்டு ரெசிப்ரோகல் என்று பெயர். கிளாசிக்கில் மெலடி பக்கம் ஒரு முழுச் சுரம் தள்ளி நிற்பதால், ஒரு கையில் தெரிந்த இடத்தை மறு கைக்கு இரண்டு ஃப்ரெட் தள்ளிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த வேலை மிச்சம்.

இதைச் சோதிக்கத் தந்தி வாங்க வேண்டாம். ட்யூனர் இருந்தால் சில நிமிட வேலை, பிடிக்கவில்லையென்றால் திரும்ப ஏற்றிவிடலாம். முழுச் சுரம் இறங்கினால் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். அதிர்வெண் 0.89 மடங்காகிறது, இழுவிசை அதன் வர்க்கம். தந்தி கொஞ்சம் தொய்வாகத் தெரியும், வாசிக்க முடியாத அளவுக்கு இல்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்று முடிவானால் அப்புறம் சுமார் 12 சதவீதம் தடித்த தந்திகளைப் போடுங்கள், பழைய இறுக்கம் வந்துவிடும். இப்போது 0.010 அங்குலம் இருந்தால் 0.011 போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: கிளாசிக்குக்காகத் தந்தி எண், ஃப்ரெட் எண் போட்டு எழுதிய பாடங்களில் வலது கையை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்தி வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கையும் வேறு வேறு ஸ்கேலில் போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் பி, இ, ஏ, டி, ஜி-தான் வேண்டும் என்றால், முழு செட் வாங்காதீர்கள். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே இறக்கவும் முயலாதீர்கள். 10-வது இ-யை ஜி-க்கு இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தட்டினால் ஃப்ரெட்டில் மோதும் சத்தம்தான் கேட்கும். தந்திகளை இடம் மாற்றுங்கள். இப்போது 8-ல் இருக்கும் டி-யைக் கழற்றி 9-ல் போடுங்கள், உங்களுக்கு அங்கே வேண்டியது அதே ஸ்தாயி டி-தான். 9-ல் இருந்த ஏ-யை 10-க்குக் கொண்டுபோய் ஒரு முழுச் சுரம் இறக்கி ஜி ஆக்குங்கள். 6-வது சி அரைச் சுரம் இறங்கி பி ஆகட்டும், இழுவிசை 11 சதவீதம்தான் குறையும். புதிதாக வேண்டியது 8-க்கு ஒரு ஏ. 7-ல் இருக்கும் ஜி-யை இ-க்கு இறக்கிப் பார்க்கலாம், ஆனால் இழுவிசை 29 சதவீதம் குறையும். தட்டி வாசிக்கும் கருவியில் தொய்ந்த பாஸ் தந்தி பெரிய தொல்லை. விரல் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். அதனால் அதற்கும் இப்போதிருப்பதைவிட சுமார் 19 சதவீதம் தடித்த தந்தி ஒன்று வாங்கிவிடுங்கள். ஆக இரண்டு தந்தி. மேலே கம்பி சுற்றிய தந்திகளுக்கு இந்தக் கணக்கு தோராயம்தான். கடையில் கேட்கும்போது ஸ்டிக்கின் ஸ்கேல் நீளத்தையும் (தந்தியின் அதிரும் நீளம்) வேண்டிய சுரத்தையும் சொல்லுங்கள். பாஸ் கிட்டார் தந்தி வாங்குவதானால் நீளம் எட்டுகிறதா என்று அளந்து பாருங்கள்.

7 முதல் 10 வரை எல்லாவற்றிலும் முன்பைவிடத் தடித்த தந்தி உட்காரப்போகிறது. நட்டில் (கழுத்தின் மேல் முனையில் தந்திகள் உட்காரும் பள்ளப் பட்டை) அது பள்ளத்துக்கு மேலே ஏறி நின்றால் நீங்களே அரம் வைத்துத் தேய்க்காதீர்கள், கருவி செய்பவரிடம் கொடுங்கள். கழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மொத்த இழுவிசை குறைந்தால் கழுத்து லேசாகப் பின்னுக்கு வளைந்து, ஆக்‌ஷன் தாழ்ந்து (தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி குறைந்து), ஃப்ரெட்டில் கரகரப்பு வரும். ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். கரகரப்பு போகவில்லையென்றால் டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) கால் சுற்று தளர்த்தி மறுபடி காத்திருங்கள். ஒரே மூச்சில் அரைச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். அதன் பிறகு நட் பக்கத்து டாம்பர் (தட்டாத தந்திகளை அமுக்கி வைக்கும் பட்டை) எல்லாத் தந்தியையும் தொடுகிறதா என்று பாருங்கள். தந்திகளின் தடிமன் மாறும்போது நடுவில் ஒன்று தொடாமல் தப்பிவிடும், நீங்கள் வேறு எங்கோ தட்டும்போதெல்லாம் அது தானாக முனகிக்கொண்டிருக்கும். கடைசியாக, பாஸ் பக்கத்துக்கும் மெலடி பக்கத்துக்கும் தனித்தனி வெளியீடு இருப்பதால் பாஸ் சானலின் அளவை மட்டும் ஆம்ப்பில் திருத்திக்கொள்ளலாம். கழற்றிய ஜி, இ தந்திகளை உறையில் போட்டு வையுங்கள், கிளாசிக்குக்குத் திரும்பினால் 7-க்கும் 10-க்கும் அவைதான் தேவைப்படும்.