மருந்து அடித்த பிறகு எறும்பு கூடுவது ஏன்?

கேள்வி: மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. சமையல் மேடையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மஞ்சள் நிறத்தில் சிற்றெறும்புகள். ஸ்ப்ரே அடித்தேன், சாக்பீஸ் கோடு போட்டேன், மாமியார் சொன்னாரென்று மஞ்சள்தூளும் தூவினேன். பத்து நாளில் படுக்கையறை சுவிட்ச் போர்டிலும் குளியலறையிலும் வர ஆரம்பித்துவிட்டன. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஸ்ப்ரேயைத் தூக்கிப் பரணில் வைத்துவிடுங்கள். ஒரு கூட்டை மூன்றாக்கியது பெரும்பாலும் அதுதான்.

எறும்பில் எல்லாமே ஒரே மாதிரிக் குடும்பம் நடத்துவதில்லை. சிலவற்றுக்குக் கூட்டுக்கு ஒரு ராணிதான். உங்கள் வீட்டில் இருப்பது போன்ற பொடி எறும்புகளுக்கோ ஒரே கூட்டில் பல ராணிகள். மருந்து வாடை பட்டதும், ஒன்றிரண்டு ராணிகளையும் முட்டை, புழுக்களையும் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் தனிக்குடித்தனம் கிளம்பிவிடும். மேடையில் செத்துக் கிடப்பவை தீனி தேடி வெளியே வந்த சிறு பங்குதான். மீதியெல்லாம் சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன.

யார் வந்திருக்கிறார் என்று பார்த்துவிடலாம். செலோடேப்பில் நாலைந்தை ஒட்டி எடுத்து, வெள்ளைத் தாளில் பதித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். உடம்பு முழுக்கத் தேன் நிறமாக இருந்து, வயிற்றின் நுனி மட்டும் கருத்திருந்தால் அது ஃபாரோ எறும்பு. நீளம் 2 மில்லிமீட்டர் இருக்கும். தலை கருத்து, வயிறும் காலும் பால் போல வெளுத்திருந்தால் பேய் எறும்பு; அது இன்னும் சிறியது, 1.5 மில்லிமீட்டர்தான். விரலில் நசுக்கி முகர்ந்தால் சிக்குப் பிடித்த தேங்காய் வாடை அடிக்கும். நம் வீடுகளில் இரண்டுக்குமே சித்தெறும்பு என்றுதான் பெயர். வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றேதான்.

அந்த வைத்தியம் கொல்வதல்ல, ஊட்டுவது. தொழிலாளி எறும்பு தின்றதை வயிற்றில் தேக்கிக்கொண்டு போய்க் கூட்டிலிருப்பவற்றுக்கு வாயோடு வாயாகக் கொடுக்கும். ராணிக்கும் புழுக்களுக்கும் அப்படித்தான் சாப்பாடு போகிறது. மெதுவாக வேலை செய்யும் மருந்தை இனிப்பில் கலந்து வைத்தால், அவையே சுமந்துபோய்ப் பரிமாறிவிடும்.

இதற்குக் கேரம் போர்டுக்குப் போடுகிறோமே, அந்த போரிக் பவுடர் போதும். பாக்கெட்டில் போரிக் ஆசிட் என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 25 கிராம் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் பவுடர். நன்றாகக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வையுங்கள். கலக்கிய பாத்திரமும் கரண்டியும் அதன் பிறகு சமையலுக்கு வேண்டாம்.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு வீட்டில் பாட்டியம்மா, "கொஞ்சமாப் போட்டா எப்படிச் சாகும்?" என்று மூன்று ஸ்பூன் குவித்துப் போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பஞ்சருகே போன எறும்புகள் மீசையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தன. அப்படியே குடித்தாலும் கூடு போய்ச் சேருமுன் வழியிலேயே செத்துவிடும். நமக்கு வேண்டியது உயிரோடு வீடு திரும்பும் எறும்பு.

குழந்தை இருப்பதால் பஞ்சைத் திறந்து வைக்காதீர்கள். காலி மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சை வைத்து, ஊசியைக் காய்ச்சி மூடியோரம் நாலு துளை போட்டு, எறும்புச் சாரிக்குப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மேலே 'விஷம்' என்று எழுதுங்கள். சாக்பீஸையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. குழந்தைக்கு அது வெறும் பல்பம்.

வைத்த முதல் இரண்டு நாள் பயந்துவிடுவீர்கள். விருந்துக்குச் சொல்லி அனுப்பியது போலச் சாரை சாரையாக வரும். தொடாதீர்கள், துடைக்காதீர்கள். மேடையில் வேறு இனிப்பு எதுவும் சிந்திக் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சைப் புதிதாக நனையுங்கள். இனிப்பைச் சீண்டவில்லை என்றால் அவற்றுக்கு இப்போது புரதமும் எண்ணெயும் தேவைப்படுகிறது என்று பொருள். ஒரு ஸ்பூன் அரைத்த வேர்க்கடலையில் ஒரு சிட்டிகை பவுடர் கலந்து வைத்துப் பாருங்கள்.

சுவிட்ச் போர்டுக்குள் எதையும் பீய்ச்ச வேண்டாம். ஷாக் அடிக்கும், தீப்பிடிக்கவும் கூடும். அதற்குக் கீழே ஒரு டப்பா ஒட்டினால் போதும்.

மஞ்சள்தூளால் கெடுதல் இல்லை. எறும்பு அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் வரும், அவ்வளவுதான். யாராவது கேமாக்சின் என்ற பழைய பூச்சிக்கொல்லிப் பொடியைத் தேடிக் கொடுத்தால் மட்டும் கண்டிப்பாக வாங்காதீர்கள். இந்தியாவில் 1997-லேயே தடை செய்யப்பட்ட சரக்கு அது.

தாளில் ஒட்டிப் பார்த்தது வேறு எறும்பாக இருந்தால் கதையும் வேறு. நீண்ட காலோடு கோணல்மாணலாக ஓடும் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்போமே, அது கடிக்காது. பூந்தொட்டிக்கு அடியிலோ தரைக்கல் சந்திலோ இருந்து வரும். வரும் வழியைக் கண்டுபிடித்து ஒயிட் சிமெண்டால் அடைத்து, சாரி போட்ட தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்தது. கட்டெறும்பு என்றால் ஜன்னலைத் தொடும் மரக்கிளையை வெட்டுங்கள். அங்கே மாவுப்பூச்சி சுரக்கும் தேனுக்காகத்தான் அது ஏறியிறங்குகிறது. கடித்த இடம் தீயாக எரிந்து கொப்புளம் வைத்தால் அது நெருப்பெறும்பு. முற்றத்தில் பொடிமண் குவிந்த இடத்தில் இரண்டு மூன்று முறை கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடிபட்டவருக்கு மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டில் மூன்று வாரமாவது டப்பாக்கள் இருக்கட்டும். ஒரு எறும்புகூடக் கண்ணில் படாத நாளிலிருந்து இன்னும் இரண்டு வாரம் விட்டு வையுங்கள். முட்டையும் புழுவுமாக இருந்தவை வளர்ந்து தீனி தேடி வரும். பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பது ஒரே சுவர். நீங்கள் இங்கே ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவர் அந்தப் பக்கம் ஸ்ப்ரே அடித்தால், கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு உங்களிடம்தான் வரும்.