மன்றோவின் முடிவும் பட்டாவில் இல்லாதவர்களும்

மதிப்பிற்குரிய ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளின் பாடக் குறிப்பில் ‘ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் தாமஸ் மன்றோ’ என்று ஒரு வரியைப் பார்த்தேன். உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் முறை அது. மன்றோ எங்கள் பகுதியில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி என்பதால் ஆர்வம் ஏற்பட்டு, அவருடைய வாழ்க்கை வரலாற்றை வாசித்து வருகிறேன். என் நண்பரோ, வரலாற்றை நடத்துபவை பொருளாதாரத் தேவைகள்தாம், மன்றோ இல்லாவிட்டால் வேறொரு துரை அதையே செய்திருப்பார், தனிமனிதர்களைப் படித்து வரலாற்றை அறிய முடியாது என்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்., தருமபுரி

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மைசூர்ப் போர்களில் பெரும் பணத்தைச் செலவிட்டிருந்த கம்பெனி, அதை நிலத்திலிருந்துதான் ஈடுகட்டியாக வேண்டும். எந்தத் துரை வந்திருந்தாலும் வரி வாங்கியிருப்பார். ஆனால் அந்த வரியை யாரிடம் வாங்குவது என்பதற்கு அன்று பல வழிகள் இருந்தன. வங்காளத்தில் 1793-இல் ஜமீன்தார்களோடு நிரந்தர ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1802-க்குப் பிறகு அதே முறையைச் சேலத்திலும் புகுத்தி, கிராமங்களை மிட்டாக்கள் எனும் சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்கள். கிஸ்தி கட்ட முடியாமல் மிட்டாதார்கள் பலர் நொடித்துப்போனார்கள். அதன் பின்னர் வருவாய் வாரியம் முழுக் கிராமத்தையும் குத்தகைக்கு விட்டுப் பார்த்தது. திருக்குறளுக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் கம்பெனி அதிகாரி எல்லீசர், தொண்டை மண்டலத்து மிராசு எனும் பரம்பரை நில உரிமையை ஆராய்ந்து, ஊரார் கூட்டாக நிலத்தை ஆளும் மரபு அங்கே உண்டு என்று விரிவாக எழுதினார். இத்தனை வழிகளுக்கு நடுவே ஒன்று வென்றதற்கு, பணத் தேவையை மட்டும் காரணமாகச் சொன்னால் போதாது.

இந்த இடத்தில்தான் ஒருவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது உதவுகிறது. கிளாஸ்கோவில் பிறந்த மன்றோ 1780-இல் கம்பெனிப் படையில் பயிற்சி நிலை வீரராகச் சென்னைக்கு வந்தார். 1792-இல் திப்புவிடமிருந்து, உங்கள் தருமபுரியும் அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனியின் கைக்கு வந்தபோது, அதை நிர்வகிக்கச் சென்னையின் சிவில் அதிகாரிகளை நம்பாத தலைமை ஆளுநர் காரன்வாலிஸ், அலெக்சாண்டர் ரீடு என்ற படைத்தலைவரையும், மன்றோ உள்ளிட்ட படை அதிகாரிகளை அவருக்கு உதவியாளர்களாகவும் அனுப்பினார். நாட்டு மொழி தெரிந்த அந்த இளைஞர்கள் ஊர் ஊராகப் போய் உழுகிறவரிடமே பேசினார்கள். ஒவ்வொரு ரயத்தோடும், அதாவது உழவரோடும், தனித்தனியே கணக்குத் தீர்க்கலாம் என்ற எண்ணம் உருப்பெற்றது அந்தப் பயணங்களில்தான். அதைத் தொடங்கி வைத்தவர் ரீடு. புகழ் முழுவதும் மன்றோவுக்குப் போய்விட்டது. வாழ்க்கை வரலாறுகளின் பெரிய குறை இது. ரீடுக்காவது பெயர் மிஞ்சியது. ஊர்க் கணக்கை ஓலையில் வைத்திருந்த கர்ணங்கள் இல்லாமல் எந்த நிலத்துக்கும் தீர்வை விதித்திருக்க முடியாது. அவர்களில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

மன்றோவிடம் நான் உண்மையாகவே மதிக்கும் ஒரு செயல் உண்டு. 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை அவர் நிர்வகித்தபோது, விளைச்சலில் ஏறத்தாழ 45 விழுக்காடு வரியாகப் போனது. அந்தப் பாரத்தைக் குடிகள் தாங்க மாட்டார்கள் என்று கண்டு, தீர்வையில் கால் பங்கைக் குறைக்கும்படி 1807-இல் எழுதினார். அரசு ஏற்கவில்லை. 1820-இல் ஆளுநராகத் திரும்பி வந்தவர், மறக்காமல் அதை நிறைவேற்றினார். பொருளாதாரத் தேவை மட்டுமே வரலாற்றை நடத்தியிருந்தால், தன் வருவாயைத் தானே குறைக்கச் சொல்லும் அதிகாரி எங்கிருந்து வருவார்? உங்கள் நண்பரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆயினும் ஒரு முடிவைப் படிக்கும்போது, எடுத்தவரின் மனத்தோடு நின்றுவிடக் கூடாது. அது கடைசியில் யார் முதுகில் விழுந்தது என்பது வரை போக வேண்டும். இலட்சக்கணக்கான குடிகளோடு அரசே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொண்டதால், பாக்கியை வசூலிக்கும் அதிகாரம் தாசில்தாரிடமும் அவருடைய சேவகர்களிடமும் குவிந்தது. மன்றோ மறைந்து 28 ஆண்டுகள் கழித்து, 1855-இல், சென்னை மாகாணச் சித்திரவதைகளைப் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வரி பாக்கிக்காகக் குடியானவரின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்ததையும், தலையைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்தியதையும் அதில் படிக்கலாம். மன்றோ இதை விரும்பினார் என்று சொல்ல மாட்டேன். அவர் உண்டாக்கிய ஏற்பாட்டில் இதற்கு இடம் இருந்தது என்பதை மறைக்கவும் மாட்டேன்.

பட்டா யார் பெயரில் எழுதப்பட்டதோ அவர்தாம் அரசின் கண்ணுக்குக் குடியானவர். அவருடைய வயலில் சேற்றில் நின்ற பண்ணையாளுக்கும் படியாளுக்கும் அந்தப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அந்த மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டே அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை பிறந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் போராடுவது அதற்காகத்தான். அதுவும் ஓர் அதிகாரியின் முடிவுதான். ஆனால் அது தேவைப்பட்டதன் காரணங்களைத் தேடினால், மன்றோவின் முடிவு கண்ணில் படாமல் விட்ட மக்களிடம்தான் போய்ச் சேருவோம்.

ஆகவே வாழ்க்கை வரலாற்றைக் கைவிட வேண்டாம். மன்றோ 1824 டிசம்பர் 31-இல் எழுதிய நீண்ட குறிப்பையும் வாசியுங்கள். இந்தியர்களுக்கு உயர்பதவிகள் தர வேண்டும் என்று ஓர் ஆளுநரே வாதிடுவதைக் காண்பீர்கள். அதை முடித்த கையோடு 1855-இன் அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் உங்கள் மகளும் படிப்பது நல்லது. தேர்வில் அவர் எழுதப்போவது என்னவோ அந்த ஒற்றை வரியைத்தான். என்றாலும் நாளை ஒரு வருவாய் அலுவலகத்தில் அமர்ந்து பட்டா மாறுதல் மனுக்களைப் பார்க்கப்போகிறவர் அவராகவும் இருக்கலாம்.

அன்புடன்