மேஜுக்கு எது நல்ல கியர்? வாசகர் கேள்வி பதில்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ல மேஜ் (மந்திரம் போடுற கேரக்டர்) ஆடுறவங்க நிறைய பேர் கியர், அதாவது போட்டுக்கற துணி, ஆயுதம், மோதிரம் பத்தியே கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ அந்தக் கேள்விகள மட்டும் எடுத்துக்கிட்டேன். கணக்கு எல்லாமே கிளாசிக் எரா சர்வருக்கு, அதாவது லெவல் 60தான் உச்சம்னு இருக்குற ஆட்டத்துக்கு. அடுத்து வந்த பர்னிங் க்ரூசேட்ல ஹிட் (ஸ்பெல் போய்ப் படற வாய்ப்பு), க்ரிட் (ஒரு அடி கூடுதலா விழற வாய்ப்பு) எல்லாம் ரேட்டிங்னு வேற முறைக்கு மாறிடுச்சு, அங்க இந்த நம்பர அப்படியே தூக்கிட்டுப் போயிடாதீங்க.

கேள்வி: அண்ணா, லெவல் 60 வந்த உடனே டன்ஜன் டன்ஜனா ஓடி மாஜிஸ்டர்ஸ் செட் எட்டு பீஸும் சேர்த்துட்டேன். பெரும்பாலும் ப்ளூ ஐட்டம், பச்சைய விட ஒசந்த தரம். ஆனா மோல்டன் கோர் ரெய்டு (பல பேர் சேர்ந்து பெரிய பாஸுங்கள அடிக்கற இடம்) போனா டேமேஜ் மீட்டர்ல எனக்குக் கீழ ஹீலருங்களும் டேங்கும்தான் இருக்காங்க. என்ன தப்பு?

பதில்: தம்பி, உங்க கை மேல தப்பு இல்ல, துணி மேலதான். அந்த செட்ல ஒவ்வொரு பீஸா எடுத்து மவுஸ வச்சுப் பாருங்க, இன்டலெக்ட், ஸ்பிரிட், ஸ்டாமினா, திரும்ப இன்டலெக்ட், இதுதான் வரும். ஸ்பெல் டேமேஜ் ஏத்துற வரி செட் போனஸ்ல மட்டும் கொஞ்சம் இருக்கு. ஆனா ரெய்டுல மேஜுக்குச் சோறு போடுறது அந்த வரிதான்.

எப்படின்னு சொல்றேன். ஒரு ஸ்பெல் உங்க ஸ்பெல் பவர்ல (ஸ்பெல் டேமேஜும் இதுதான்) எவ்வளவ எடுத்துக்கும்ங்கறத அதோட ஒரிஜினல் காஸ்ட் டைம், அதாவது ஸ்பெல்ல போட ஆகுற நேரம், முடிவு பண்ணுது. 3.5 செகண்ட் ஸ்பெல்னா முழுசா எடுத்துக்கும், ஃபயர்பால் அப்படி. ஃப்ராஸ்ட்போல்ட் 3 செகண்ட், கூடவே எதிரிய ஸ்லோ பண்றதால கொஞ்சம் வெட்டு விழுது, கடைசியில 81 சதவீதம் சுமாரா நிக்குது. டேலன்ட் (லெவல் ஏறுறப்ப கெடைக்கற பாயின்ட்ல எடுக்கற திறமை) போட்டு காஸ்ட் டைம 2.5 செகண்டா குறைச்சாலும் இந்த 81 குறையாது, மேஜுக்கு கேம் குடுத்த பெரிய சலுகை இது. அப்போ 100 ஸ்பெல் பவர் ஏத்தினா ஒவ்வொரு ஃப்ராஸ்ட்போல்ட்லயும் 81 டேமேஜ் கூடும்.

இப்ப இன்டலெக்ட் பக்கம் வாங்க. 60 இன்டலெக்ட் இருந்தா ஏறக்குறைய 1 சதவீதம் க்ரிட். 100 இன்டலெக்ட்னா 1.7 சதவீதம் வச்சுக்கோங்க, அதோட 1500 மானா, அதாவது ஸ்பெல் விட செலவாகுற சக்தி. ரேங்க் 11 ஃப்ராஸ்ட்போல்ட் வெறுமனே 515ல இருந்து 555 வரைக்கும் அடிக்கும், அந்த 1.7 சதவீதம் க்ரிட்டால ஒரு அடிக்கு சராசரியா ஒம்போது டேமேஜ் கூடுது. 81 எங்க, 9 எங்க! மானா வேணும்தான், இல்லன்னு சொல்லல, ஆனா மானா ஜெம் இருக்கு, எவோகேஷன் இருக்கு, போஷன் இருக்கு, மானா தீர்றதுக்குள்ள பாஸ் விழுந்துட்டா மிச்சம் இருக்குற மானாவ வச்சு நீங்க ஒண்ணும் பண்ணப் போறதில்ல.

அதனால செட்ட முழுசா வச்சே ஆகணும்னு பிடிவாதம் வேண்டாம், எது கெடைக்குதோ அதுல ஒவ்வொண்ணா மாத்துங்க. இன்னொண்ணு, அந்த ரேங்க் 11 ஃப்ராஸ்ட்போல்ட்ட கத்துக் குடுக்கற புத்தகம் ட்ரெய்னர் கிட்ட கெடைக்காது, ரூயின்ஸ் ஆஃப் ஆன்கிராஜ்ல பாஸுங்க போடுறது. 20 பேர் போற ரெய்டு, பெரிய கில்டு (ஆட்டக்காரங்க சங்கம்) தேவையில்ல. பல பேர் டிரஸ்ஸுக்கு அலையுறாங்க, இந்தப் புத்தகத்த விட்டுடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு.

கேள்வி: ஹிட் 16 வேணும்ங்கறாங்க, இன்னொருத்தர் 10 போதும்ங்கறார், பிவிபி (ஆட்டக்காரங்களுக்குள்ள சண்டை) ஆடுற ஃப்ரெண்டு ஹிட்டே வேண்டாம்ங்கறான். யார் சொல்றது சரி?

பதில்: மூணு பேரும் சரி, மூணு பேரும் வேற வேற எதிரியப் பத்தி பேசுறாங்க.

ரெய்டு பாஸ் உங்கள விட மூணு லெவல் மேல இருக்கறதா கணக்கு, அதாவது 63. அது மேல ஸ்பெல் விட்டா 17 சதவீதம் வீணாப் போகும். அதுல கடைசி 1 சதவீதத்த யாராலயும் தடுக்க முடியாது, மீதி 16ஐ கியர் வச்சு அடைக்கலாம், அதான் அந்த 16. மேஜுக்கு எலிமென்டல் ப்ரிசிஷன்னு டேலன்ட் இருக்கு, மூணு பாயின்ட் போட்டா ஃப்ராஸ்டுக்கும் ஃபயருக்கும் 6 சதவீதம் வந்துடும், மிச்சம் 10. உங்க கில்டுல ஷேடோ ப்ரீஸ்ட் இருந்தா அவங்களுக்கு டேலன்ட்லயே 10 வருது, கியர்ல 6 போதும். பாவம் வார்லாக்தான், ஷேடோ போல்டுக்கு உதவுற மாதிரி டேலன்ட் எதுவும் இல்ல, முழு 16ஐயும் அவங்க துணியிலயே தேடணும்.

பிவிபில எதிர்ல நிக்கறவரும் லெவல் 60தான், அங்க வீணாப் போறது 4 சதவீதம், அதுல அடைக்க முடிஞ்சது 3. உங்க டேலன்ட்லயே 6 இருக்கு. அதனால பேட்டில்கிரவுண்டுக்குப் போறப்ப கியர்ல ஹிட் இருந்தா அது வெறும் பாரம், அந்த இடத்துல ஸ்டாமினா இருந்தா ஒவ்வொரு பாயின்டுக்கும் 10 ஹெல்த் வரும், ஒரு ரோக் முதுகுல குத்துறப்ப அதோட அருமை தெரியும். ரெண்டு செட் தனித்தனியா வச்சுக்கோங்க, பேங்க்ல இடம் இல்லன்னு சொல்லி ஒரே செட்ல ரெண்டையும் ஓட்டாதீங்க.

கேள்வி: ஒரு சதவீதம் ஹிட் எத்தன ஸ்பெல் பவருக்கு சமம்? ரெண்டு ஐட்டம் கையில இருந்தா எத போடறதுன்னு தெரியாம முழிக்கிறேன்.

பதில்: இத எல்லாரும் தானே போட்டுப் பார்க்கணும்னு ஆசைப்படறேன், அதனால வழியோடவே சொல்றேன். உங்க கிட்ட 400 ஸ்பெல் பவர் இருக்குன்னு வைங்க. ஃப்ராஸ்ட்போல்ட் சராசரி 535, அதோட 400ல 81 சதவீதம் சுமார் 325, மொத்தம் 860. நூறு தடவ விட்டா கூடுதலா ஒண்ணு போய்ப் படறதுதான் 1 சதவீதம் ஹிட், அப்போ நூறு அடிக்கு 860 லாபம். ஒரு பாயின்ட் ஸ்பெல் பவர் நூறு அடிக்கு 81 குடுக்குது, ஆனா போய்ப் படற அடிக்கு மட்டும்தான குடுக்கும், 93 படுதுன்னு வச்சா 75 கிட்ட வரும். 860ஐ 75 ஆல வகுத்தா 11 சொச்சம். க்ரிட்டும் இதே மாதிரிதான், ஐஸ் ஷார்ட்ஸ் டேலன்ட் முழுசா இருந்தா க்ரிட் ரெண்டு மடங்கு அடிக்கும், அப்போ 1 சதவீதம் க்ரிட் சுமார் 9 ஸ்பெல் பவர்.

ஹிட் 11, க்ரிட் 9, இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கிட்டா முக்காவாசி சண்டை தீர்ந்துடும். ஆனா ஹிட் 10ஐ தொட்ட நிமிஷமே அந்த 11 சைபர் ஆயிடும், அதையும் சேர்த்து மனசுல வச்சுக்கோங்க. உங்க ஸ்பெல் பவர் ஏற ஏற ஹிட், க்ரிட் ரெண்டோட மதிப்பும் கூடவே ஏறும், அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கணக்க புதுசா போடுங்க.

கேள்வி: ப்ளட்வைன் செட்டுக்காக மைனிங்க விட்டுட்டு டெய்லரிங் கத்துக்கலாமா? மைனிங்ல நல்லா சம்பாதிக்கிறேன்.

பதில்: ரெய்டு போறவரா இருந்தா கத்துக்கங்க, ரெண்டு மனசே வேண்டாம். வெஸ்ட்ல 27 ஸ்பெல் டேமேஜும் 2 சதவீதம் ஹிட்டும், லெக்கிங்ஸ்ல 37ம் 1 சதவீதம் ஹிட்டும், பூட்ஸ்ல 19ம் 1 சதவீதம் ஹிட்டும். கூட்டினா 83 ஸ்பெல் டேமேஜ், 4 சதவீதம் ஹிட். மூணையும் போட்டு டெய்லரிங் 300ம் இருந்தா 2 சதவீதம் க்ரிட் மேல வருது. உங்களுக்கு வேண்டிய 10ல 4 மூணே துணில வந்தாச்சு. ஸுல்குரூப்ல கெடைக்கிற ப்ளட்வைன் கொடியில தைக்கறது, அதனால வெலை அதிகம், ஆனா ஆக்‌ஷன் ஹவுஸ்ல வாங்கியே போட்டுக்கலாம், தைக்கறவர் நீங்களாவே இருக்கணும்னு இல்ல. டெய்லர் இல்லாதவங்களுக்கும் 83ம் 4ம் அப்படியே கெடைக்கும், க்ரிட் மட்டும்தான் போகும்.

ரோப் ஆஃப் தி ஆர்க்மேஜ் ஏற்கனவே வச்சிருக்கேன்னு இன்னொருத்தர் கேட்டிருக்கார், அவருக்கும் இங்கயே. அதுல 40 ஸ்பெல் டேமேஜ், 1 சதவீதம் க்ரிட், அதாவது 49. ப்ளட்வைன் வெஸ்ட் 27 கூட்டல் ரெண்டு 11, அதுவும் 49. தனியா வச்சுப் பார்த்தா சரிசமம். செட்டோட 2 சதவீதம் க்ரிட் சேர்றப்பதான் ப்ளட்வைன் முந்துது, அதனால மூணு பீஸ் கைக்கு வர்ற வரைக்கும் ரோப்ப கழட்டாதீங்க. மைனிங் விட்டுப் போற கோல்டுக்கு இன்னொரு கேரக்டர்ல மைனிங் ஓட்டிக்கலாம்.

கேள்வி: பச்ச கலர் ஐட்டம் போட்டா கில்டுல கிண்டல் பண்றாங்க.

பதில்: பேர்ல ஆஃப் ஃப்ரோசன் ரேத்னு முடியற பச்ச ஐட்டத்துல முழு சத்தும் ஃப்ராஸ்ட் டேமேஜுக்கே போயிருக்கும், நல்ல நம்பர் விழுந்தா பல ப்ளூ ஐட்டத்த அது தூக்கிச் சாப்பிடும். ஃப்ரீசிங் பேண்ட்னு ஒரு ப்ளூ மோதிரத்துல 21 ஃப்ராஸ்ட் டேமேஜ், ரெய்டு ஆரம்பிக்கறவங்களுக்கு அத விட நல்ல மோதிரம் சுலபத்துல சிக்காது. கலரப் பார்க்காதீங்க, போடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்க. இது எல்லாமே ஃப்ராஸ்டுக்கு மட்டும். மோல்டன் கோர்ல ராக்னரோஸ், பேரன் கெடான் மேல தீ வேலையே செய்யாது, அதனால அங்க எல்லா மேஜும் ஃப்ராஸ்ட்தான். ஆன்கிராஜ் டெம்பிள் போற கட்டத்துல கில்டு ஃபயருக்கு மாறும், இக்னைட்ட (ஃபயர் க்ரிட் விட்டுப் போற தீக்காயம்) அஞ்சு அடுக்கா ஏத்தி அடிக்கறது அங்கதான் கூத்து. அப்போ ஃப்ராஸ்ட் மோதிரம் பைக்குள்ள போயிடும். ஃபயருக்கு மாற இன்னும் கொஞ்ச நாள்தான்னா அந்த மோதிரத்துக்கு பெரிய கோல்டு கொட்டாதீங்க.

கேள்வி: டாலிஸ்மன் ஆஃப் எஃபெமரல் பவர் ட்ரிங்கெட் விழுந்துச்சு, பொருள யாருக்குன்னு முடிவு பண்ற லூட் கவுன்சில் வார்லாக்குக்கு குடுத்துட்டாங்க. எனக்கு ப்ரையர்வுட் ரீட்தான் இருக்கு. கில்ட விட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: உங்க ஆதங்கம் புரியுது, ஆனா முடிவெடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க. ரீட் சும்மா மாட்டியிருந்தாலே 29 ஸ்பெல் டேமேஜ், எப்பவும். டாலிஸ்மன் அழுத்தினா 170க்கு மேல வரும், ஆனா 15 செகண்ட்தான், அடுத்து அழுத்த ஒன்றரை நிமிஷம் காத்திருக்கணும். ஆறுல ஒரு பங்கு நேரம். 170 சொச்சத்த ஆறால வகுங்க, அதே 29 கிட்டதான் வருது! டாலிஸ்மன் உசத்தியா இருக்கறது ஆர்கேன் பவரோட சேர்த்து அழுத்தறப்ப, அதுவும் 15 செகண்ட், 30 சதவீதம் டேமேஜ் கூடும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். ஆர்கேன் பவர் டேலன்ட் எடுத்த மேஜுக்குத்தான் அது தேவைன்னு கவுன்சில் கிட்ட பேசுங்க, அடுத்தது எனக்குன்னு கேட்டு வாங்குங்க. டேலன்டே எடுக்கலேன்னா ரீட் வச்சிருக்கற நீங்க பெருசா எதையும் இழக்கல. ரீட் குடுக்கற ஜெட் ரூன்வாட்சர் அப்பர் ப்ளாக்ராக் ஸ்பைர்ல எப்பவாவதுதான் வருவான், எத்தன பேர் அந்த ட்ரிங்கெட் இல்லாம இருக்காங்க தெரியுமா.

கேள்வி: ஸ்டாஃப் ஆஃப் டாமினன்ஸா, அஜூர்சாங் மேஜ்ப்ளேடா?

பதில்: ரெண்டுலயும் 40 ஸ்பெல் டேமேஜ், 1 சதவீதம் க்ரிட். ஸ்டாஃப் ரெண்டு கையையும் புடிச்சுக்கும், மேஜ்ப்ளேடு ஒரு கை, இன்னொரு கையில ஸ்பெல் டேமேஜ் இருக்கற ஆஃப்ஹேண்ட் ஒண்ண வச்சுட்டா மேஜ்ப்ளேடுதான்.

கேள்வி: எல்லாத்துக்கும் என்சான்ட் (ஐட்டத்துல ஏத்துற மந்திர சக்தி) போட கோல்டு இல்ல. எதுல ஆரம்பிக்கறது?

பதில்: மாத்தப் போற ஐட்டத்துல காஸ்ட்லி என்சான்ட் போடாதீங்க, அவ்வளவுதான். அதுக்குப் பதிலா ஆயுதத்துல ப்ரில்லியன்ட் விசார்ட் ஆயில் தடவுங்க, 36 ஸ்பெல் டேமேஜ், 1 சதவீதம் க்ரிட். கிரேட்டர் ஆர்கேன் எலிக்ஸர் 35. இந்த ரெண்டும் சேர்ந்தா 71, ஒரு நல்ல எபிக் ஐட்டம் குடுக்கறத விட அதிகம், ரெய்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ வேலை. ஃப்ளாஸ்க் ஆஃப் சுப்ரீம் பவர் 150 குடுக்கும், செத்தாலும் போகாது, புது பாஸ் பழகுற ராத்திரிக்கு மட்டும் எடுத்து வைங்க. கோல்ட நெஜ காசுக்கு வெளிய வாங்கலாமான்னு சில பேர் கேக்கறீங்க, அது ரூல்ஸுக்கு விரோதம், அக்கவுன்ட் பேன் ஆகும், வேண்டாம்.

கேள்வி: நான் ரெய்டு போறதில்ல. ப்ளிசார்ட் போட்டு கூட்டம் கூட்டமா மான்ஸ்டர கொன்னு கோல்டு சேர்க்கறேன். எனக்கும் ஸ்பெல் பவர்தானா?

பதில்: இல்ல, உங்களுக்கு கதை தலைகீழ். கூட்டத்த அடிக்கற ஸ்பெல் ஸ்பெல் பவர ரொம்ப கொஞ்சமா எடுத்துக்கும், ப்ளிசார்ட் மொத்த எட்டு செகண்டுக்கும் சேர்த்து மூணுல ஒரு பங்கு, ஆர்கேன் எக்ஸ்ப்ளோஷன் 14 சதவீதம் சுமார். உங்களுக்கு தேவை அடுத்த கூட்டத்த இழுக்க மானாவும், ஓடறப்ப ரெண்டு அடி தாங்க ஹெல்த்தும். ஆஃப் தி ஈகிள்னு முடியற ஐட்டத்துல இன்டலெக்ட்டும் ஸ்டாமினாவும் சேர்ந்து வரும், ஆக்‌ஷன் ஹவுஸ்ல சல்லிசா கெடைக்கும். முதல் கேள்வில ஒரு தம்பி தூக்கிப் போடப் போற மாஜிஸ்டர்ஸ் செட் கூட உங்களுக்கு நல்லாவே ஒத்து வரும், ஸ்ட்ராத்ஹோம், ஸ்கோலமான்ஸ் பக்கம் போறப்ப விழுந்தா ரோல் பண்ணுங்க, அதாவது எனக்குன்னு பகடை உருட்டுங்க.